புதிய கயாக்கும் பழைய கட்டுமரமும்

சித்தூர்ச் சீமையில் குடியேறி வாழும் தமிழர்க்குக் கடல் என்பது நெடுங்காலம் ரயிலேறிச் சென்று காணவேண்டிய ஒரு பொருளாகவே இருந்துவந்தது. மலை உண்டு, ஏரி உண்டு, மாந்தோப்பு உண்டு. உப்புநீர் மட்டும் இல்லை. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் ஆந்திர அரசினர் மாவட்டங்களைத் திருத்தியமைத்துத் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கியபோது, அதுவரை நெல்லூரைச் சார்ந்திருந்த சூளூர்ப்பேட்டையும் தடாவும் அதனுடன் சேர்க்கப்பட்டன. அவற்றோடு பழவேற்காட்டு ஏரியின் கரையும் வந்து சேர்ந்தது. சித்தூரில் இருப்போர்க்கு இதனால் ஆதாயம் ஒன்றுமில்லை. திருப்பதியில் இருப்போர் மட்டும் தங்கள் மாவட்டத்திலும் கடற்காற்று வீசுகிறது என்று சற்றே பெருமை பேசிக்கொள்ளலாம்.

அந்த ஏரியில் தூண்டில் போடுவதற்கென்றே நம் சங்கக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் புதிதாக ஒரு படகு வாங்கியிருக்கிறார். மேலமர்ந்து செலுத்தும் கயாக் என்பது அதன் பெயர். அவர் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிபவர். பதினொரு மாதச் சேமிப்பு முழுவதையும் இதில் போட்டுவிட்டார். தகப்பனார் பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் பிறந்து, இருபது வயதுக்குள் கட்டுமரத்தில் தனியே கடல் சென்றவர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் மரமும் வலையும் போனபின் திருப்பதிக்கு வந்து ஒரு தங்கும் விடுதியில் காவல் உத்தியோகத்தில் அமர்ந்தார். தாயாரோ, தம் தமையனாரைக் கடலுக்குக் கொடுத்தவர். மகன் மீண்டும் தண்ணீரில் இறங்குவது அந்த அம்மையாருக்குச் சிறிதும் உடன்பாடில்லை. "உங்க அப்பா பாத்துட்டுச் சரின்னு சொன்னா போ; இல்லாங்காட்டி அதை வித்துடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பரீட்சை நாளில் உடனிருக்க நம்மையும் அழைத்தார்கள். ஓய்வு நாளாக வாய்த்ததால் சென்றோம்.

ரயில்வே குமாஸ்தாவுக்கு எந்தப் பொருளைக் கண்டாலும் அதன் நீளமும் எடையுமே முதலில் கண்ணில் படும். இந்தக் கயாக் பத்தரை அடி நீளம்; இரண்டே முக்கால் அடி அகலம்; எடை நாற்காலி நீங்கலாக 30 கிலோவுக்குச் சற்று மிகுதி. இரண்டு பேர் எளிதாகத் தூக்கலாம், ஒருவர் இழுக்கலாம். பொருள் பாலித்தீன். வீட்டு மாடிகளில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி எவ்வாறு வார்க்கப்படுகிறதோ அவ்வாறே இதுவும் வார்க்கப்படுகிறது. பிளாஸ்டிக் தூளை அச்சினுள் கொட்டி, அச்சைச் சூடேற்றிக்கொண்டே பல திசையிலும் சுழற்றுவார்கள். தூள் உருகி அச்சின் உட்புறமெங்கும் ஒட்டிப் படிந்து, ஆறியதும் உள்ளே வெற்றிடமுள்ள ஒரே கூடாக வெளிவரும். ஒட்டு இல்லை, தையல் இல்லை. வெயிலில் நெடுநேரம் வாரால் இறுக்கிக் கட்டிவைத்தால் மட்டும் அடிப்பாகம் குழிந்துவிடும் என்கிறார்கள். லோடு ஆட்டோவில் ஏற்றியபோது தகப்பனார் பழைய மெத்தை ஒன்றைக் கீழே விரித்ததும், போய்ச் சேர்ந்தவுடன் புங்கமர நிழலில் இறக்கச் சொன்னதும் இதனை எண்ணியோ, அன்றி மரத்தை வெயிலில் பிளக்கவிடாத பழைய வழக்கத்தாலோ, நாம் அறியோம்.

கயாக் என்ற சொல் வடதுருவத்தை அடுத்த பனிநாடுகளில் வாழும் இனூயிட் மக்களுடையது. அவர்கள் மிதந்துவந்த மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, கடல்நாய்த் தோலைப் போர்த்தி, நடுவில் ஒரு துவாரம் மட்டும் விட்டு, அதனுள் இடுப்பளவு புகுந்து அமர்வார்கள். தோலங்கியின் விளிம்பைத் துவாரத்தோடு இறுகக் கட்டிக்கொண்டால் ஒரு துளி நீரும் உள்ளே புகாது. கவிழ்ந்தாலும் வெளியே வராமல் துடுப்பால் ஓர் உந்து உந்திப் படகோடு சேர்ந்தே நிமிர்வார்கள். உறைபனிக் கடலில் நீரில் விழுவதே சாவு. ஆதலால் விழாமல் இருக்கும் வித்தையை அவர்கள் கண்டார்கள்.

மேலமர்ந்து செலுத்தும் கயாக் இதற்கு நேர்மாறானது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் டிம் நீமியர் என்பவர் அலைச்சறுக்குப் பலகையைக் குடைந்து, மேலே உட்காரக் குழியமைத்து இதற்கு வழிகாட்டினார். இதில் மனிதன் படகினுள் இல்லை, படகின்மேல் இருக்கிறான். கூடு முழுவதும் மூடப்பட்டது. மேல்தட்டிலிருந்து அடிவரை ஊடுருவிச் செல்லும் சில துளைகள் உண்டு. அலை மேலே ஏறினால் அந்த வடிதுளைகளின் வழியே நீர் தானே கீழே இறங்கிவிடும். இறைக்கவேண்டியதில்லை, கூடு உடையாதவரை மூழ்கவும் மூழ்காது. விழுந்தால் விழு, மீண்டும் ஏறிக்கொள் என்பது இதன் தத்துவம். வெப்பக் கடலுக்கு ஏற்ற தத்துவம்.

இவ்வளவும் விளக்கிச் சொன்ன இளைஞர், இது உலகில் புதியது என்றார். தகப்பனார் படகைச் சுற்றி ஒருமுறை நடந்து, குனிந்து துளைகளில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "மரந்தானே இது?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயமே. மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியதே கட்டுமரம். உள்ளே புகுந்து உட்காரும் இடமென்று அதில் எதுவும் இல்லை, மேலேதான் இருக்கவேண்டும். அலை ஏறினால் மரங்களின் இடுக்கு வழியே நீர் வடிந்துவிடும். இறைக்கவேண்டியதில்லை, மூழ்காது. 1697இல் வெளியான தம் பிரயாண நூலில் வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதும்போது, அது ஒரே ஆள் ஏறத்தக்க அளவு சிறியதென்றும், அவனுடைய காலும் பின்புறமும் எந்நேரமும் நீரில் நனைந்தே இருக்கும் என்றும் குறிப்பிட்டார். இன்று கயாக் வாங்குவோர் சொல்லும் குறையும் இதுவே. ஆங்கிலத்தார் நம் சொல்லை எடுத்துச் சென்று இரட்டைக்கூட்டுக் கப்பலுக்குச் சூட்டிவிட்டார்கள். சொல்லுக்குரிய பொருளோ வேறொரு பெயரில் பிளாஸ்டிக்காகத் திரும்பி வந்திருக்கிறது.

சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். பெரிய படகுகள் அஞ்சும் அலைநாட்களிலும் கட்டுமரக்காரர்கள் ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பியினுள் கடிதங்களை நனையாமல் செருகிக்கொண்டு கப்பலுக்குப் போய்வருவார்கள். அலை அவர்களைப் புரட்டித் தள்ளும். நீந்திப் போய் மரத்தைப் பிடித்து மீண்டும் ஏறிக்கொள்வார்கள். தபால் இலாகாவினர் இப்படிப்பட்டவர்களுக்குச் சிலை வைத்திருக்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.

பரீட்சைக்குத் தகப்பனார் முதலில் தேர்ந்தெடுத்தது பழவேற்காட்டு ஏரியை அன்று. அந்த ஏரி ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ளது. சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவில் பெரிய உவர்நீர்க் காயல். ஆயினும் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. விழுந்தால் எழுந்து நிற்கலாம். எழுந்து நிற்கும் இடத்தில் ஏறிப் பழகியவன் கால் எட்டாத இடத்தில் என்ன செய்வான் என்பது அவர் கேள்வி. ஆகவே காளத்திக்கு அப்பால், மழையில் நிரம்பிய ஒரு பாசன ஏரியின் கரையோரம், இரண்டாள் ஆழமுள்ள இடத்துக்குத் தை மாதத்து ஞாயிறு ஒன்றில் சென்றோம். ஊர்ப் பெரியவர்களையும் மீன் குத்தகைக்காரரையும் முன்னதாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏரி மீன் குத்தகை எடுத்தவருடையது. தூண்டில் கொண்டுவரமாட்டோம் என்று சொன்ன பின்பே அவர் சம்மதித்தார். கரையில் கூடிய சிறுவர்கள் படகைப் பார்த்துத் 'தெப்ப, தெப்ப' என்று கூவினர். தெப்பம் என்ற சொல் அவர்களுக்கும் நமக்கும் பொது. திருச்சானூர்த் தெப்போற்சவம் காணாத குடும்பம் நம்மில் எது?

இளைஞர் உயிர்காப்புச் சட்டை அணிந்து ஏறினார். படகு நன்றாகவே சென்றது. அகலம் மிகுந்ததால் ஆட்டம் குறைவு. அகலம் மிகுந்ததாலேயே வேகமும் குறைவு. இரு முனையிலும் அலகுள்ள துடுப்பை மாற்றி மாற்றிப் போட, அணியம் ஒவ்வொரு வீச்சுக்கும் சற்றே இடமும் வலமும் திரும்பிற்று. அவர் எழுந்து நின்றும் காட்டினார். கரையில் இருந்தோர் கைதட்டினர். தகப்பனார் கைதட்டவில்லை. "விழு" என்றார்.

இங்கேதான் அன்றைய காரியம் தொடங்கிற்று. இளைஞர் பக்கவாட்டில் விழுந்தார்; படகும் கவிழ்ந்தது. கவிழ்ந்த படகை நிமிர்த்துவது எளிதாயிற்று. அடிப்பாகத்தின் குறுக்கே கையை நீட்டி, அப்பாலுள்ள விளிம்புக் கயிற்றைப் பற்றி, உடலின் எடையைப் பின்னே சாய்த்தால் புரண்டுவிடுகிறது. ஏறுவதுதான் வரவில்லை. கைகளை ஊன்றிக் கிணற்றுச் சுவரில் ஏறுவதுபோல் அவர் மேலே எம்பினார். கால்கள் படகின் அடியில் போயின. படகு அவர்மேலேயே மீண்டும் கவிழ்ந்தது. இரண்டாம் முறை சட்டையின் முன்பக்கத்துப் பைகள் விளிம்பில் மாட்டிக்கொண்டன. மூன்றாம் முறை நாற்காலியின் முதுகுச் சட்டம் விலாவில் இடித்தது. துடுப்பு இதற்குள் இருபது முழத்துக்கு அப்பால் மிதந்து போயிற்று. கால்மணி நேரத்தில் இருபத்துநான்கு வயது வாலிபர் மூச்சு வாங்கிப் படகைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். கரையில் நின்ற சிறுவர்களும் அடங்கிவிட்டார்கள்.

தகப்பனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீந்திச் சென்றார். அவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதுகிறோம். கயாக் வைத்திருப்போர் யாவர்க்கும் பயன்படும். படகின் நடுப்பகுதிக்கு வரவேண்டும், முனைக்குப் போகலாகாது. விளிம்பைப் பற்றியபின் உடனே எம்பக்கூடாது. முதலில் காலைப் பின்னே நீட்டி, நீரை உதைத்து, உடம்பை மீன்போல் மேற்பரப்பில் படுக்கையாகக் கொண்டுவர வேண்டும். உடம்பு கிடந்த பிறகு, உதைத்துக்கொண்டே படகைத் தன் அடியில் இழுக்கவேண்டும்; தான் படகின்மேல் ஏறுவதாக நினைக்கலாகாது. வயிறு நடுவில் வந்ததும் சற்று இளைப்பாறி, புரண்டு உட்கார்ந்து, அதன்பின்பே காலை உள்ளே எடுக்கவேண்டும். "மரத்துல வயிறு மொதல்ல, குண்டி அப்பறம், காலு கடைசி" என்று அவர் மூன்று சொல்லில் அடக்கிவிட்டார். பிள்ளையாய் இருந்தபோது அவருடைய தகப்பனார் அலைக்கு அப்பால் கொண்டுபோய்த் தள்ளிவிட்டுக் கற்பித்த பாடமாம் இது.

பிறகு இளைஞர் ஏறினார். ஒருமுறை ஏறியது போதாது, மூன்றுமுறை துணையின்றி ஏறவேண்டும் என்றார் தகப்பனார். ஏறினார். அடுத்து, களைத்தபின் ஒருமுறை என்றார். அதுவும் ஆயிற்று. நாற்காலியின் முதுகை மடக்கிவைக்கவும், சட்டைப் பைகளில் இருந்த குறடு, கத்தி முதலியவற்றைப் படகின் பெட்டிக்கு மாற்றவும், துடுப்பை ஒரு கயிற்றால் படகோடு பிணைக்கவும் அன்றே தீர்மானித்தார்கள். கயிறு குட்டையாக இருக்கவேண்டும். நீண்டால் விழுந்தவனின் கழுத்திலும் காலிலும் சுற்றிக்கொள்ளும் என்று பெரியவர் எச்சரித்தார். தூண்டில் முள் விஷயத்திலும் அவ்வாறே: துடுப்புப் போடும்போது முள் நரம்பில் தொங்கலாகாது, கழியின் வளையத்தில் மாட்டியிருக்கவேண்டும்.

மாசி மாதத்தில் தடாவுக்குச் சென்றது இதற்குப் பிந்திய கதை. ஆந்திரப் பகுதி ஏரி பறவைகள் சரணாலயமானதால் வனத்துறையினரைக் கேட்டுக்கொண்டும், கரையிலுள்ள குப்பத்துப் பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டும் இறங்கினோம். இந்த இரண்டாவது காரியத்தைச் சிலர் அலட்சியம் செய்கிறார்கள். பழவேற்காட்டு ஏரியில் நீர் பொதுவானாலும் துறை பொதுவன்று. தமிழ்நாட்டுப் பக்கத்தில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களில் பாடு என்னும் முறை உண்டு. இறால் மிகும் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே நிலைத்துவிடாது. பிழைப்புக்காக இவ்வளவு ஒழுங்காகப் பகிர்ந்துகொண்ட நீரில், பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுபவன் கேளாமல் நுழைவது அழகன்று. கட்டி நிற்கும் வலைக்கும் நடப்பட்ட கழிக்கும் விலகியே செல்லவேண்டும். பூநாரைகள் மேயும் திடல்களை நாங்கள் நெருங்கவில்லை. ஸ்ரீஹரிக்கோட்டாப் பக்கம் ராக்கெட் ஏவுதளம் உள்ளதால் அத்திசையில் எவரும் படகைச் செலுத்தலாகாது.

காலை ஆறரை மணிக்கு நீர் கண்ணாடிபோல் இருந்தது. முழங்கால் ஆழத்திலும் கயாக் தடையின்றிச் சென்றது. காலால் மிதித்துச் செலுத்தும் விலையுயர்ந்த வகையாயிருந்தால் அதன் துடுப்புகள் பாசியில் சிக்கியிருக்கும். இளைஞர் கொண்டுவந்த மடக்கு நங்கூரம் சேற்றில் பற்றாமல் உழுதுகொண்டே வந்தது. தகப்பனார் ஆட்டோவில் ஏற்றிவந்த மூங்கில் கழி இப்போது வேலைக்கு வந்தது. கழியைச் சேற்றில் ஊன்றி, அமரத்தில் கட்டிய கயிற்றை அதில் மாட்டச் சொன்னார். வடிதுளைக்குள் கழியை விட்டு ஊன்றலாமே என்றார் மகன்; படகு ஆடும்போது கழி நெம்பித் துளையின் ஓரத்தை விரிசலாக்கும் என்று தகப்பனார் தடுத்தார். முதன்முறை பார்க்கும் பொருளைப் பற்றி அவர் இவ்வாறு சொன்னது நமக்கு வியப்பாகவே இருந்தது.

மீன் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். கொடுவா வேண்டும் என்பது இளைஞரின் ஆசை. தெலுங்கர் பண்டுகப்ப என்று கொண்டாடும் அந்த மீன் அன்று தலைகாட்டவில்லை. இரண்டு கெளிறு அகப்பட்டன. அவற்றின் முள் குத்தாமல் கழற்றப் பத்து நிமிடம் பிடித்தது. நான்கைந்து இரைகளை நண்டு வெட்டிற்று. கூடு திறந்தவெளியாக இருப்பதால் பிடித்த மீனை ஈரச்சாக்கில் பொதிந்து பின்புறப் பள்ளத்தில் வைத்தார்.

பதினொரு மணிக்குக் கடற்காற்று எழுந்தது. இந்த வகைப் படகுக்கு உண்மையான சத்துரு அலையன்று, காற்றே என்பதை அப்போது கண்டோம். ஆள் நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்து உட்கார்ந்திருப்பதால் அவன் உடம்பே பாயாகிவிடுகிறது. படகின் அடியோ ஆழமில்லாதது. ஆகவே காற்று தள்ளும் திசையில் வழுக்கிக்கொண்டே போகிறது. நல்லவேளையாகக் காற்று நம் கரைப்பக்கமே வீசிற்று. எதிர்க்காற்றாயிருந்தால் இரண்டு கிலோமீட்டரைக் கடக்க இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும் என்றார் பெரியவர். போகும்போது காற்றை எதிர்த்துப் போ, வரும்போது காற்றோடு வா என்பது அவர் மகனுக்கு இட்ட கட்டளை.

கரைக்கு வந்தபின், நாற்காலியைக் கழற்றச் சொன்னார். மகன் ஏனென்று கேளாமல் கழற்றினார். பெரியவர் ஏறி, முழங்காலை மடித்துக் குந்தி, துடுப்பை நடுவில் பிடியாமல் ஒரு முனையருகே பிடித்து, இருபுறமும் மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு காற்றுக்கு எதிராகவே போனார். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏறத்தாழ இருநூறு கஜம் போயிருப்பார். அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த குப்பத்துக்காரர் இருவரோடு சிறிதுநேரம் பேசிக்கொண்டிருந்தார். பாதி தமிழும் பாதி தெலுங்குமாக அந்தப் பேச்சு காற்றில் துண்டு துண்டாக வந்தது. திரும்பி வந்தபோது அவர் கையில் நாலு மடவை மீன் இருந்தது.

"குந்திக்கினா நல்லாத்தான் போவுது" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை திருப்பதியில் அந்த அம்மையார் மடவையைக் குழம்பு வைத்தார். கெளிற்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். படகை விற்கும் பேச்சு எழவில்லை. ஆனால் மூன்று நிபந்தனைகள் விதித்திருக்கிறார்: தனியே போகக்கூடாது; பதினோரு மணிக்குள் கரையேறிவிட வேண்டும்; வாடைக்காற்று வலுக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் படகு வீட்டு மாடியைவிட்டு இறங்கக்கூடாது. தற்போது அது அங்கே தண்ணீர்த் தொட்டிக்கு அருகில், பழைய மெத்தையின்மேல், துணி போர்த்திக் கிடக்கிறது.